சீயக்காயின் கோபம்

செடிகொடிகளுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், சீயக்காய்க் கொடியில் முள் கிடையாது. அதன் நுரை கண்ணுக்குள் போனாலும் தண்ணீர் பட்டதுபோலத்தான் இருக்கும்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் காராயி என்றொரு பெண் இருந்தாள். எந்தக் காய் முற்றியது, எதை இன்னும் விட்டுவைக்க வேண்டும் என்று கொடியிடமே கேட்டுப் பறித்து வருவாள். வெயிலில் காயவைத்து, இடித்து, சலித்து, ஊருக்கெல்லாம் கொடுப்பாள்.

ஒரு வருஷம் அவளுக்குக் காலில் அடிபட்டு மலையேற முடியவில்லை. அந்த நேரம் பார்த்து மகள் தும்பிக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஊர் முழுக்க எண்ணெய் தேய்த்துக் குளிப்பது வழக்கம். பொடிக்கு நான் பொறுப்பு என்று பெரிய வீட்டு வீரணன் ஏற்றுக்கொண்டான். பாதி மலை ஏறியதும் அவனுக்கு அலுத்துவிட்டது. கைக்கு எட்டிய நாலு காயைப் பறித்துக்கொண்டு இறங்கினான். ஆற்றோரத்தில் துணி வெளுக்கத் தோண்டும் உவர்மண்ணை அள்ளி, அதோடு கலந்து இடித்துக் கொடுத்துவிட்டான்.

குளித்த அன்றே ஊரார் தலையெல்லாம் எரிந்தது. தும்பிக்கு முடி கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தது. தலை புண்ணான பெண் வேண்டாமென்று மாப்பிள்ளை வீட்டார் மறுநாள் காலையில் வந்த வழியே திரும்பிப் போனார்கள். உதிர்ந்த முடியை மடியில் வைத்துக்கொண்டு தும்பி வீட்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊர் கூடி வீரணனைக் கேட்டது. கொடிக்கு விஷம் ஏறிவிட்டது, அதற்கு நான் என்ன செய்ய என்றான் அவன். மிச்சமிருந்த பொடியைக் காராயி உள்ளங்கையில் கொட்டித் தேய்த்தாள். நறநறவென்றது. நாக்கில் வைத்தாள். உவர்த்தது.

"இது காய் இல்லை, மண். நீங்களே தொட்டுப் பாருங்கள்" என்று ஒவ்வொருவர் முன்னாலும் கையை நீட்டினாள்.

ஒருவரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பெரிய வீட்டுக்காரனைப் பொய்யன் என்று சொல்வதைவிடக் கொடியை வெட்டுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. அரிவாளோடு மலையேறினார்கள். காராயி நொண்டிக்கொண்டே பின்னால் போனாள்.

கொடி ஒன்றே ஒன்றுதான் கேட்டது.

"தலையில் தேய்ப்பதற்கு முன்னால், அதில் என்ன இருக்கிறது என்று உங்களில் யாராவது பார்த்தீர்களா?"

வீரணன்தான் முதலில் வெட்டினான். மற்றவர்களும் வெட்டினார்கள். வெட்டியதைக் குவித்துத் தீ வைத்தார்கள்.

சாம்பலுக்கு அடியில் வேர் மட்டும் மிஞ்சியது. அங்கிருந்து குரல் வந்தது.

"பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்காத கண் உங்களுக்கு எதற்கு? இனி நான் தலைக்கு வரும்போதெல்லாம் அதை மூடிக்கொள்ளுங்கள். மூடாவிட்டால் எரிப்பேன். நல்லவர், கெட்டவர் என்று பிரிக்க மாட்டேன்."

ஊரார் காராயியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சொன்னால் கொடி கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியும். சூடு ஆறாத சாம்பல் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கும் சேர்த்தே எரியட்டும்" என்றாள்.

அடுத்த மழைக்கு வேர் துளிர்த்தது, தண்டு முழுக்க முள்ளோடு. அதன்பின் யார் எவ்வளவு கேட்டும் அது வாய் திறக்கவில்லை.

அன்று முதல்தான், ஒரு தப்பும் செய்யாத சின்னக் குழந்தைகூட, சீயக்காய் தேய்க்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.