தலைதட்டிய மரக்கால்

விருத்தகிரிக்கு அறுபத்திரண்டு வயது. அரண்மனைக் களஞ்சியத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதிவிட்டு, ஒருநாள் போதும் என்று எழுத்தாணியைக் கீழே வைத்தார். ஓடைக்குறிச்சிக்கு வந்து குயிலம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். குயிலம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஏரிக்கரையில் ஒரு சின்ன மடம், ஒரு பெரிய அடுப்பு, வழிப்போக்கர்களுக்குச் சோறு. அதற்குமேல் அவரிடம் ஒன்றும் கிடையாது.

சேர்ந்து பத்தாம் நாள் காலையில், விருத்தகிரி முகம் சிவந்து வந்து நின்றார்.

“அம்மா, காத்தாயி என் முகத்துக்கு நேரா கதவைச் சாத்திட்டா.”

“என்ன செஞ்சீங்க?”

“ஒரு தப்பும் செய்யல. போன வாரம் கூட்டம் அதிகமாயிடுச்சுன்னு அவகிட்ட ஒரு மரக்கால் அரிசி வாங்கினேன். இன்னைக்குத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சொன்ன நாள், சொன்ன அளவு.”

“எப்படி அளந்தீங்க?”

“கோல் வச்சுத் தலைதட்டி அளந்தேன். ஒரு மணி கூடவும் இல்ல, குறையவும் இல்ல.”

குயிலம்மைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

மரக்காலை நிரப்பி, அதன் வாய்மேல் ஒரு கோலை ஓட்டி, மேலே நிற்பதை வழித்துத் தள்ளுவதைத்தான் தலைதட்டுவது என்பார்கள். அரண்மனையில் அதற்கு நேர்மை என்று பெயர். ஓடைக்குறிச்சியில் கதை வேறு. அங்கே வாங்கியதைத் திருப்பித் தருபவர்கள் ஒரு கைப்பிடி கூட்டித் தருவார்கள், இல்லை ஒரு கைப்பிடி குறைத்துத் தருவார்கள். ஒரு தடவை இவள் பாக்கி, மறுதடவை அவள் பாக்கி. ஆகவே போக்குவரத்து நிற்காது. தலைதட்டிக் கொடுத்தால், உனக்கும் எனக்கும் தீர்ந்தது, இனி உன் வாசல் மிதிக்க மாட்டேன் என்று அர்த்தம். பாகம் பிரித்துக்கொண்டு பேச்சை முறித்த அண்ணன் தம்பிகள்தான் அந்த ஊரில் அப்படிக் கொடுப்பார்கள். ஒன்பது நாள் பழகிய மனிதர் விடிந்ததும் விடியாததுமாக வந்து உறவை முறித்தால் காத்தாயி வேறென்ன செய்வாள்?

குயிலம்மை இதைச் சொன்னதும் விருத்தகிரிக்குக் கோபம் வந்தது.

“வாங்கின கடனை மிச்சமில்லாம அடைக்கிறதுதானே தர்மம்?”

“தெரியலையே.”

“குருவுக்கே தெரியலைன்னா?”

“இன்னைக்குக் களத்துக்கு அரண்மனை அதிகாரி வர்றார். வாங்க, பார்ப்போம்.”

களத்தில் ஊரே கூடியிருந்தது. நடுவில் நெல் குவியல். அதிகாரி ஒரு கட்டிலில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் இரண்டு காவலர்கள். விருத்தகிரியைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்தார். ஒரு காலத்தில் அவருக்குக் கணக்கெழுதக் கற்றுக்கொடுத்ததே விருத்தகிரிதான்.

“ஐயா, நீங்க எங்க இங்க?”

“சோறு வடிக்கிறேன். உன் வேலையைப் பாரு.”

பதினோரு வருஷத்துக்கு முன்னால் பஞ்சம் வந்தபோது அரண்மனை இந்த ஊருக்கு நெல் கொடுத்தது. கடன் பாக்கி இருக்கும்வரை வருஷத்துக்கு நாற்பது ஆள் கோட்டை வேலைக்கு வரவேண்டும் என்று அரண்மனை ஓலையில் எழுதியிருந்தது; ஊரில் யாரும் அதைப் படித்ததில்லை. கூலி கிடையாது. நல்ல மழை பெய்து மூன்றே அறுவடையில் ஊர் கடனை அடைத்துவிட்டது, இரண்டு கலம் தவிர. அந்த இரண்டு கலம் வட்டியோடு மறுவருஷம் இருபது கலம் ஆகும். அது எப்படி ஆகும் என்று கேட்கக்கூடாது, அரண்மனை வட்டி அப்படித்தான் குட்டி போடும். ஊர் பதினெட்டு அளக்கும், இரண்டு நிற்கும். அடுத்த வருஷமும் அதே கதை.

போன வருஷம் போன நாற்பது பேரில் முப்பத்தேழு பேர்தான் திரும்பி வந்தார்கள். திரும்பாத மூவரில் ஒருவன் காத்தாயியின் கொழுந்தன். இந்த வருஷப் பட்டியலில் அவள் புருஷன் மருதன் பெயர் இருந்தது. ஏழு மாத வயிற்றோடு அவள் களத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். விருத்தகிரியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாட்டாமை நெல்லை அளந்து போட்டார். பதினெட்டாவது கலம் முடிந்ததும் மரக்காலைக் கவிழ்த்துவைத்துவிட்டுத் துண்டால் முகம் துடைத்தார். அதிகாரி சிரித்தபடி ஓலையில் எழுதினார்.

“மீதி இரண்டு கலம். ஆள் நாற்பது.”

விருத்தகிரிக்கு ஒன்றும் புரியவில்லை. களத்து ஓரத்தில் இன்னொரு குவியல் இருக்கிறதே!

“நாட்டாமை, அங்க நெல்லு கிடக்குதே. ஏன் நிறுத்திட்டீங்க?”

“என்ன ஐயா இப்படிக் கேட்கறீங்க? மிச்சமில்லாம அளந்தா மரியாதையாவா இருக்கும்? ராசா மனசு என்ன பாடுபடும்?”

“என்னது?”

“பஞ்சத்துல நம்மளைக் காப்பாத்தின மகராசன். அவர் மூஞ்சியில தலைதட்டின மரக்காலை வைக்கிறதா? அதான் வருஷா வருஷம் ரெண்டு கலம் விட்டு வைக்கிறோம். பழக்கம் விட்டுப் போகக்கூடாது பாருங்க.”

விருத்தகிரி அதிகாரியின் ஓலையைத் திரும்பிப் பார்த்தார். ‘ஓடைக்குறிச்சி, மீதி இரண்டு கலம், ஆள் நாற்பது’ என்று இதே வரியை எட்டு வருஷம் தன் கையால் எழுதியவர் அவர். இவ்வளவு நெல் விளைகிற ஊர் இரண்டு கலத்தை அடைக்காமல் ஏய்க்கிறதே என்று ஒவ்வொரு வருஷமும் திட்டிக்கொண்டே எழுதியிருக்கிறார்.

“அப்ப அந்த நாற்பது பேர்?” என்றார்.

“ராசா மதில் கட்டறார், ஆள் கேட்கறார். நம்ம வீட்டுக் கூரை வேயறப்போ பக்கத்து வீட்டுக்காரன் வர்றதில்லையா? அந்த மாதிரிதான்.”

“ஐயோ, அந்த மாதிரி இல்ல!” விருத்தகிரி கத்தியே விட்டார். “அந்த ரெண்டு கலத்துக்காகத்தான் நாற்பது பேர்! கடன் நிக்கிற வரைக்கும்தான் ஆள் கேட்க முடியும். நீங்க மரியாதைன்னு விட்டு வைக்கிறீங்க, அங்க அதுக்குப் பாக்கின்னு பேரு. எனக்குத் தெரியும். எழுதினது நான்தான். உங்க மூணு பேரைக் கொன்ன ஓலை என் கையெழுத்து!”

காத்தாயி இப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

குயிலம்மை ஓரத்துக் குவியலில் ஒரு மரக்கால் நெல்லை வாரிக்கொண்டு வந்து அதிகாரி முன்னால் வைத்தார். நாட்டாமையிடம் கையை நீட்டினார். நாட்டாமை தயங்கித் தயங்கி கோலை எடுத்துக் கொடுத்தார். குயிலம்மை அதை மரக்காலின் வாய்மேல் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தார். மேலே நின்ற நெல் சரசரவென்று தரையில் கொட்டியது.

“ஒண்ணு” என்றார்.

அவ்வளவுதான்! களம் கொதித்து எழுந்தது. இரண்டு கலத்துக்கு இருபத்துநாலு மரக்கால் போதும். குவியல் பக்கத்திலேயே இருந்தது, அதில் அள்ளிப் போட்டாலே முடிந்திருக்கும். ஆனால் யார் கேட்டார்கள்? நான்தான் போடுவேன் என்று ஆளாளுக்கு வீட்டுக்கு ஓடினார்கள். ஒருத்தி முறத்தோடு வந்தாள், ஒருத்தன் மூட்டையைத் தோளில் தூக்கி வந்து வழியெல்லாம் சிந்தினான். நடக்க முடியாத கிழவர் ஒருவர் துண்டில் நாலு பிடி முடிந்து, “என்னதையும் போடுங்கடா!” என்று தூரத்திலிருந்தே கூச்சல் போட்டார்.

“ரெண்டு! மூணு! நாலு!”

அதிகாரிக்கு வியர்த்துக் கொட்டியது. கட்டிலிலிருந்து எழுந்து கையை ஆட்டினார்.

“வேண்டாம், வேண்டாம்! என்ன அவசரம்? அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்!”

“அஞ்சு! ஆறு!”

“ராசா கருணை உள்ளவர். உங்ககிட்ட இப்பவே வேணும்னு கேட்டாரா? வட்டியைக்கூடக் குறைக்கச் சொல்றேன்!”

“பதினொண்ணு! பன்னெண்டு! ஒரு கலம்!”

முப்பது வருஷத்தில் விருத்தகிரி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். கடனைக் கட்ட முடியாமல் காலில் விழுந்தவர்கள் உண்டு. கடனைக் கட்டாதே என்று கடன் கொடுத்தவன் கெஞ்சுவதை இன்றைக்குத்தான் பார்க்கிறார். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

இருபத்துமூன்று ஆனது. கடைசி மரக்காலை நிரப்பிவிட்டு எல்லோரும் நின்றுவிட்டார்கள். கோல் கைமாறிக் கைமாறி இப்போது காத்தாயியின் கையில் இருந்தது. அதை மரக்காலின் வாய்மேல் வைத்துவிட்டு, இழுக்காமல் நின்றாள். பிறந்ததிலிருந்து அவள் யாருக்கும் தலைதட்டியதில்லை.

அதிகாரி அதைக் கண்டுகொண்டார். குரலைத் தாழ்த்தி இதமாகப் பேசினார்.

“தங்கச்சி, நல்லா யோசிச்சுக்கோ. ராசா உங்களுக்குத் தகப்பன் மாதிரி. தகப்பனோட உறவை முறிப்பாங்களா?”

காத்தாயி நிமிர்ந்தாள்.

“போன ஐப்பசி மழையில எங்க கூரை விழுந்துச்சு. ஊரே வந்துச்சு. உங்க ராசா வந்தாரா?”

அதிகாரி ஓலையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார்.

“எங்க கொழுந்தன் செத்துட்டான்னு சேதி வந்துச்சு. இழவுக்காவது ஒரு ஆளை அனுப்பினாரா?”

கோலை இழுத்தாள். நெல் வழிந்து விழுந்தது.

“இருபத்துநாலு! உங்க ராசாவுக்கும் எங்களுக்கும் தீர்ந்துச்சு. எடுத்துட்டுப் போங்க.”

“நான் வாங்கிக்க மாட்டேன்” என்றார் அதிகாரி. “மிச்சத்தை வாங்க எனக்கு உத்தரவு இல்ல.”

இப்போது விருத்தகிரி முன்னால் வந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது.

“தலைதட்டி அளந்து வச்ச நெல்லை மறுக்கிற அதிகாரிக்கு என்ன தண்டனை? சொல்லு பார்ப்போம்.”

“ஐயா...”

“உனக்கு மனப்பாடம் பண்ண வச்சேனே, மறந்து போச்சா? வேலையும் போகும், வீடும் போகும். எடு எழுத்தாணியை. ‘மீதி இல்லை, ஆள் இல்லை’ன்னு எழுது.”

அதிகாரி எழுதினார். ‘இல்லை’ என்று எழுதிப் பழக்கமில்லாத கை, இரண்டு தடவை ஓலையைக் கிழித்துவிட்டது. காவலர்கள் மூட்டைகளை வண்டியில் ஏற்றினார்கள். அதில் ஒருவன் யாருக்கும் தெரியாமல் மருதனின் தோளைத் தட்டிவிட்டுப் போனான். வண்டி கரையேறி மறைவதற்குள் பறை முழங்க ஆரம்பித்துவிட்டது. நாட்டாமை ஆடினார். அவர் ஆடி அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

விருத்தகிரி இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துவிட்டு மடத்துக்கு ஓடினார். அறுபத்திரண்டு வயதில் ஓட்டம்! குயிலம்மை எப்போதோ திரும்பி வந்து அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“அம்மா! அவன் கையாலயே எழுத வச்சுட்டேன்!”

“பார்த்தேன்.”

“மருதன் போக வேண்டாம்! நாற்பது பேரும் போக வேண்டாம்! இனிமே எந்த வருஷமும் வேண்டாம்!”

“ஆமா.”

“எனக்கு இப்பதான் எல்லாம் வெளிச்சமாச்சு. இதுதானே விடுதலை? யாருக்கும் ஒரு மணி பாக்கி வைக்கக்கூடாது. எல்லாக் கணக்கையும் தலைதட்டி முடிச்சுடணும். அப்புறம் யாரும் நம்மளை எதுவும் கேட்க முடியாது. நாமும் யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாம். சரிதானே அம்மா?”

குயிலம்மை குழம்பை ஒரு தடவை கிளறினார். கொதிக்கட்டும் என்று மூடிவைத்தார்.

“குழம்புக்குக் கொஞ்சம் புளி வேணும். தெருவுல யார் வீட்டுலயாவது கேட்டு வாங்கிட்டு வாங்க.”

“புளியா?” விருத்தகிரி திகைத்தார். “பானை நிறைய இருக்கே அம்மா. முந்தாநாள் நான்தானே கொட்டை எடுத்து அடைச்சு வச்சேன்.”

“இருக்கு. அதனாலதான் சொல்றேன், போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்க.”