பத்தரை மணிக் கையெழுத்து

கோர்ட் வாசலில் டைப் அடித்துப் பிழைக்கும் தங்கபுஷ்பத்தின் மேஜை முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை காலை ரத்தினசபாபதி முதலாளி காரில் வந்து இறங்கினார். செல்போனில் கற்பனை கிரிக்கெட் அணி அமைத்துப் பரிசு வெல்லும் போட்டி அவருடையது. அது சூதாட்டமல்ல, திறமை ஆட்டம்தான் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தால்தான் அரசு அனுமதி கிடைக்கும்.

"அதிர்ஷ்டத்துக்கு இதுல துளியும் இடமில்லைன்னு அடி. சாட்சிக் கையெழுத்தும் நீயே போட்டுடு."

"போன்ல ஒரு பொத்தானை அமுக்கினா, யோசிக்காமலே அணி தானா வந்து விழுதாமேங்கய்யா?"

"டைப் அடிக்கிறவளுக்கு அதெல்லாம் எதுக்கு? போடலைன்னா நாளைக்கு இந்த மேஜை இங்கே இருக்காது."

தங்கபுஷ்பம் அடித்து முடித்தாள். தாளைப் பக்கத்து மேஜையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நோட்டரி வக்கீல் முன்னால் வைத்து, முதலாளியிடம் பேனாவை நீட்டினாள்.

"மணி பத்தரைங்கய்யா. முதல்ல நீங்க போடுங்க."

முதலாளி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "ஐயையோ, ராகுகாலம் ஆரம்பிச்சாச்சு! பன்னிரண்டுக்கு மேல போடறேன்."

"அதிர்ஷ்டமே இல்லைன்னு எழுதின தாளுக்கு நீங்களே நேரம் பார்க்கிறீங்க. நான் எதை நம்பிங்கய்யா சாட்சி போடுறது?"

எடுத்த முத்திரையை நோட்டரி திரும்ப டப்பாவில் வைத்து மூடினார்.

"ஆட்டத்துலேருந்து அந்தப் பொத்தானை எடுத்துட்டு அப்புறம் வாங்க. ராகுகாலத்துலயே முத்திரை குத்தித் தர்றேன்."