அடித்தது எந்தக் காற்று?

புயலடித்துக் குடிசை போனால் கூரை வேயத் தென்னங்கீற்று தரவேண்டியது அரண்மனை. பூவரசங்குடி ஜமீனில் அதுதான் வழக்கம், ஜமீன்தார் மறக்கப் பார்த்த வழக்கம். ஒருநாள் காற்று வந்து ஊரையே மொட்டையாக்கிவிட்டுப் போனது. மறுநாள் காலை, அரண்மனைத் தொழுவத்தில் சாணி அள்ளும் செம்பாயி ஊருக்காகப் போய்க் கீற்றுக் கேட்டாள்.

தன்னைப்போலத் தமிழ் தெரிந்தவன் இல்லையென்று ஜமீன்தாருக்கு நினைப்பு. ஊஞ்சலில் ஆடியபடியே, “புயல் வேறு, சூறை வேறு. நேற்று அடித்தது வெறும் சூறை. சூறைக்கு ஏது கீற்று?” என்றார்.

“அந்த வித்தியாசமெல்லாம் எங்களுக்கு எங்க தெரியுது, எசமான். தமுக்கடிச்சுச் சொல்லிட்டா ஊரும் தெரிஞ்சுக்கும்.”

அவருக்கு உச்சி குளிர்ந்தது. அடித்தது சூறைதான் என்று தெருத்தெருவாகத் தமுக்கடித்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் ஊரே அரண்மனைத் தோப்பில் இறங்கி, விழுந்து கிடந்த தேங்காய்களைக் கூடை கூடையாக அள்ளியது. ஜமீன்தார் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார்.

“யாரைக் கேட்டு எடுக்கிறீங்க?”

செம்பாயி தலைச்சுமையை இறக்கவில்லை. “கோயில்ல சூறைத்தேங்காய் விட்டா, பொறுக்கினவங்களுக்குத்தானே சொந்தம், எசமான்? இதுவும் சூறை விட்ட தேங்காய்தான். நீங்களே தமுக்கடிச்சீங்களே.”

“சூறையுமில்ல, மண்ணுமில்ல. அடிச்சது புயல்டீ, புயல்” என்று கத்தினார் ஜமீன்தார்.

செம்பாயி கூடையைப் பதமாக அவர் காலடியில் இறக்கி வைத்தாள்.

“அப்ப கீத்தை எங்க வந்து வாங்கிக்கிறது, எசமான்?”