கால் நாழிகை விமானம்

மஞ்சணத்தி நாடு உள்ளங்கை அகலம்தான். ஆனால் அதற்கு இரண்டு விமான நிலையங்கள். இளைய ராணியின் ஊர் ஆவரம்பட்டியில் ஒன்றைக் கட்டிவிட்டு, மூத்த ராணியின் ஊர் கொன்றையூரில் கட்டாமல் மன்னர் கண்டீரவராயர் நிம்மதியாகச் சாப்பிட முடியுமா என்ன? இரண்டுக்கும் நடுவே ஒரே காதம், அதாவது பத்து மைல். 'பயண நேரம் கால் நாழிகை' என்று பலகையே வைத்திருந்தார்கள்.

ஆனால் விடிந்ததும் ஆவரம்பட்டியில் கிளம்பும் மன்னர், கொன்றையூரில் மூத்த மாமியார் வீட்டு இலை முன்னால் உட்காரும்போது பொழுது சாய்ந்திருக்கும். சோறு விறைத்துக் கிடக்கும். மாமியாரின் முகம் அதைவிட.

"ஏன் இந்தத் தாமதம்?" என்று சபையில் சீறினார் மன்னர்.

"விமானி பொன்னுருவி மெதுவாக ஓட்டுகிறாள், பிரபு," என்றார் மகாமந்திரி கொழுந்துநாதர், கூசாமல்.

"நாளைக்கும் சோறு ஆறியிருந்தால் அவள் நாட்டை விட்டே போகட்டும்."

காரணத்தைச் சொன்னால் பொன்னுருவி மன்னரையல்லவா குறை சொல்ல வேண்டும்? சபையில் விகடம் பேசிப் பிழைக்கும் அம்பலவாணர் முன்னால் வந்தார். ஒரு பாவமும் அறியாத பெண்ணாயிற்றே.

"பிரபு, ஒரு விண்ணப்பம். நாளைக்குத் தங்கள் உடைவாளோடு மகாமந்திரி விமானத்தில் வரட்டும். வாள் போனால் மன்னரே போன மாதிரி. மரியாதை எதுவும் குறையக்கூடாது. தாங்கள் மாறுவேடத்தில் என்னோடு மாட்டு வண்டியில் வாருங்கள். அவள் எவ்வளவு மெதுவாக வருகிறாள் என்று வெளியே நின்றே பார்த்துவிடலாம்."

மாறுவேடம் என்றதும் மன்னருக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் விடிந்ததும் இருவரும் வெங்காய மூட்டைகள் மேல் உட்கார்ந்து கிளம்பினார்கள். கொன்றையூர் போய்ச் சேர்ந்து, குளித்து, ஆவி பறக்கும் சோற்றை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார் மன்னர். மாமியார் சிரித்தேவிட்டார். விமானத்தைக் காணோம்.

மன்னர் வெற்றிலையை வாயில் போட்டபோது ஆவரம்பட்டிப் பக்கம் மூன்று வேட்டுச் சத்தம் கேட்டது. "இப்போதுதான் பிரபு, விமானம் தரையை விட்டுக் கிளம்பியிருக்கிறது," என்றார் அம்பலவாணர். நிலையத்துக்கு நடந்து போய் வெற்றிலையைத் துப்புவதற்குள் விமானம் வந்து இறங்கிவிட்டது.

"பலே, பறந்தல்லவா வருகிறாள்," என்றார் மன்னர். "கதவை ஏன் திறக்கவில்லை?"

"தங்கள் நூற்றெட்டுப் பட்டங்களையும் விளக்கத்தோடு பாடி முடித்தால்தான் திறக்கலாம், பிரபு. ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை. பறப்பது கால் நாழிகை. மீதியெல்லாம் தங்கள் புகழ்."

"இத்தனை நாளும் எனக்கு அது தெரியவே இல்லையே?"

"தன் புகழைக் கேட்கிறவருக்கு நேரம் போவது தெரியாது, பிரபு."

சன்னல் வழியே மகாமந்திரியின் முகம் தெரிந்தது. வெந்து வழிந்துகொண்டிருந்தது. மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாறுவேடத்துக்குள் ஒளித்திருந்த முத்துமாலையைக் கழற்றி, "இது பொன்னுருவிக்கு. இனி அவளை யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது," என்றார். அம்பலவாணருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அம்பலவாணரே, மாட்டு வண்டியில் வந்து விமானத்தை முந்திய மன்னன் உலகத்தில் வேறு எவனாவது உண்டா?"

"இல்லை, பிரபு."

"அப்படியானால் 'விமானம் முந்திய வேந்தர்' என்று நூற்றொன்பதாவதாகச் சேர்க்கச் சொல்லும். இப்போதே பாடட்டும்."

பாடகர்கள் தொண்டையைச் செருமினார்கள்.

"முதலிலிருந்து," என்றார் மன்னர்.