எதிர்மலைக்கு ஏங்கிய காவல் ஆடு

மேகம் உரசிப் போகும் பாறை விளிம்பில் கரியன் என்ற கிழ வரையாடு காவலுக்கு நின்றது. கீழே புல்சரிவில் அதன் கூட்டம் குட்டிகளோடு மேய்ந்தது.

வரையாடுகளிடம் ஒரு வழக்கம் உண்டு. மற்றவை மேயும்போது ஒன்று மட்டும் உயரத்தில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருக்கும். ஆபத்து கீழிருந்துதான் வரும். கண்ணில் பட்டால் சீழ்க்கை அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அதைக்கூட கரியன் ஒழுங்காகச் செய்யவில்லை. பள்ளத்தாக்குக்கு அப்பால், மூடுபனியில் மிதக்கும் எதிர்மலை உச்சியையே பார்த்து நின்றது. இளவயதில் அதில் ஏறப்போவதாகச் சொன்னது. அடுத்த கோடை, அடுத்த கோடை என்று எட்டு கோடை போய்விட்டது. இப்போது முன்கால் முட்டியை மடக்கினாலே வலி.

கூட்டம் மேயாத மறுபக்கத்தில், பாறைக்கு அடியில் ஒரு செந்நாய் வந்து உட்கார்ந்தது. அதனால் ஏறி வர முடியாத உயரம். கரியன் பயப்படவில்லை.

"என்ன அண்ணே, இன்னும் இங்கேயேதானா? நான் நேற்றுதான் எதிர்மலைக்குப் போய் வந்தேன்" என்றது செந்நாய்.

அங்கே புல் இடுப்பளவு நிற்கிறதாம். ஊற்றுநீர் இனிக்கிறதாம். இறங்கி வந்தால் வழி காட்டுகிறதாம். கரியனுக்குக் கண் செருகியது. தன் குளம்புக்கு அடியில் அந்த உச்சி இருப்பதுபோலவே இருந்தது.

ஆனால் கேட்காமல் கொள்ளாமல் தலையாட்ட அது ஏமாளி இல்லை. காற்று எப்படி என்று விசாரித்தது. வெயில் எப்படி என்றது. கடைசியாக, படுக்க இடம் எப்படி என்று கேட்டது.

"மெத்தை மாதிரி சமதரை அண்ணே. தேடினாலும் ஒரு பாறை கிடைக்காது."

கரியனுக்குச் சுரீர் என்றது. பாறை இல்லாத இடத்தில் வரையாடு எங்கே ஏறித் தப்பும்? அது செந்நாய்க்கல்லவா சொர்க்கம்! இவன் எதற்காக என்னிடம் பேச்சுக் கொடுக்கிறான்?

அப்போதுதான் திரும்பிப் புல்சரிவைப் பார்த்தது. குட்டிகளுக்குப் பின்னால் புல்லுக்குள் நான்கு சிவந்த முதுகுகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

சீழ்க்கை பறந்தது. கூட்டம் பாறைமேல் தாவி ஏறியது. கடைசிக் குட்டியின் வாலை ஒரு செந்நாயின் பல் உரசிவிட்டது. அவ்வளவுதான் இடைவெளி.

அந்தக் குட்டியின் தாய் செம்பி மூச்சிரைக்க மேலே வந்தது.

"உன் கனவுக்கு என் பிள்ளையை விலையாக வைப்பாயா? போவதானால் இப்போதே போ. காவலுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம்."

கரியன் தலையைத் தொங்கப்போட்டது. அப்படியே கீழே பார்த்தது. பள்ளத்தாக்கு முழுக்க மேகம் பால்போல நிறைந்து மெல்ல அசைந்தது. அதற்கு மேலே, தப்பி ஏறிய பாறைத் திட்டில் குட்டிகள் துள்ளின. மாலை வெயில் அவற்றின் காதுகளை ஊடுருவிச் சிவந்தது. ஈரப்புல் வாசத்தோடு குளிர்காற்று தாடையை வருடியது. இத்தனை வருடம் நின்ற இடம். இன்றைக்குத்தான் பார்க்கிறது.

"போகவில்லை செம்பி" என்றது கரியன். "இந்தக் கால் இனி என்னை அங்கே கொண்டுபோகாது. எதிர்மலை அங்கேயே இருக்கட்டும். இங்கிருந்து பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது."

ஏற முடியாமல் போன உச்சியை நினைத்து ஏங்குகிறவன், தான் ஏறி நிற்கும் உயரத்தையும் இழந்துவிடுவான்.