எந்த விரலைத் தொடுகிறேன்?

“உங்க முகத்துல என்னம்மா அது?”

கோமதிநாயகம் குருவிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். கேட்பதற்காக அவர் வந்தது வேறு.

“பயத்த மாவு. பாலாடையில குழைச்சது,” என்றாள் செண்பகவல்லி. “உட்காருங்க. காயுற வரைக்கும் நான் சிரிக்கக் கூடாது.”

அவர் உட்காரவில்லை. அதிர்ந்துபோய் நின்றார்.

சங்கரன்கோவிலிலிருந்து நான்கு பஸ் மாறி மேல்மலைக்கு வந்திருந்தார். கடைசி ஐந்து மைல் வெறுங்காலோடு நடை. பூண்டு வயல்களுக்கு நடுவே ஒரு தகரக் கூரை வீடு, அதில் எல்லாம் அறிந்த ஒரு பெண் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தார்.

அந்தப் பெண் வாசலில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்க மாவு. இரண்டு கால்களும் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள்.

அவருக்கு அறுபத்தொரு வயது. அவளுக்கு நாற்பது இருக்கலாம். அது அவருக்குப் பொருட்டே இல்லை. ஞானம் இருந்தால் கைக்குழந்தையையும் கும்பிடத் தயாராகத்தான் வந்திருந்தார்.

வாளியைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அவள் முகத்தைக் கழுவினாள். காலை வெளியே எடுத்துத் துண்டால் ஒற்றினாள். ஈரம் முழுதும் போவதற்குள் நல்லெண்ணெயைத் தொட்டுக் குதிகாலில் தேய்த்தாள். பிறகு உள்ளங்கால். பிறகு ஒவ்வொரு நகமாக. உலகத்தில் வேறு வேலையே இல்லாதவள் மாதிரி செய்தாள். கடைசியில் ஒரு துளி வெண்ணெயை உதட்டில் பூசிக்கொண்டாள்.

“முடிஞ்சுதாம்மா?”

“முடிஞ்சுது. சொல்லுங்க.”

அவர் சொன்னார்.

முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ஓய்வு பெற்ற பிறகு உள்பக்கம் திரும்பிவிட்டார். பதினான்கு மாதமாக எண்ணெய் இல்லை, சோப்பு இல்லை, செருப்பு இல்லை, போர்வை இல்லை.

“உடம்பை மறந்துட்டேன்மா. வலி போயிட்டு. குளிர் போயிட்டு. இன்னைக்குக் காலையில புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கெடந்துது. அது மேலதான் நடந்து வந்தேன். ஒண்ணும் தெரியல. உடம்பும் தானா இளைக்குது. பதினோரு கிலோ. தவம் பலிக்குதுன்னு நெனைக்கேன். இனி தீட்சை மட்டுந்தான் பாக்கி.”

செண்பகவல்லி அவருடைய காலைப் பார்த்தாள்.

“ஏழு நாள் இங்க இருங்க.”

“சரிம்மா.”

“தினமும் மத்தியானம் வெதுவெதுப்பான தண்ணியில காலைக் கழுவுங்க. ஈரம் காயுறதுக்குள்ள எண்ணெய் தடவுங்க. அப்புறம் பேசுவோம்.”

அவர் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தார்.

“எதைத் தடவணும்?”

“எண்ணெய்.”

“எங்கம்மா?”

“கால்ல.”

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. ஆனாலும் நான்கு பஸ் மாறி வந்தவர். தலையை ஆட்டினார்.

முதல் நாள் அவள் தண்ணீர் காய்ச்சி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, வாளியை அவரிடம் கொடுத்தாள். ஒரு கிண்ணத்தில் எண்ணெய்.

அவர் வீட்டுக்குப் பின்னால் போனார். தண்ணீரைப் பிளம்ஸ் மரத்துக்கு ஊற்றினார். கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்தார்.

“ஆச்சா?”

“ஆச்சும்மா.”

பதினான்கு மாதம் பாடுபட்டு மறந்த உடம்பு. அதை எண்ணெய் போட்டு மறுபடி எழுப்புவதா? ஞானத்துக்காகச் சொல்கிற பொய், பொய்யில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

இரண்டாம் நாளும் மரம் தண்ணீர் குடித்தது. மூன்றாம் நாளும்.

நான்காம் நாள் பூண்டு உரிக்கிற பெண்ணொருத்தி வந்தாள். மகன் வீட்டைவிட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது என்று அழுதாள். கோமதிநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போது ஒரு பதில் வரும், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்.

செண்பகவல்லி அந்தப் பெண்ணின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பூண்டு எரித்துத் தோல் உரிந்த கை. வெண்ணெயை எடுத்து விரல் இடுக்குகளில் பூச ஆரம்பித்தாள். பூசினாள், பூசினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெண் அழுது முடித்து, கையை முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

கோமதிநாயகத்துக்குப் பொறுக்கவில்லை.

“இது ஆசிரமமாம்மா, பியூட்டி பார்லரா?”

“குளிர் ரெண்டு இடத்துலயும் அடிக்குதே ஐயா,” என்றாள் அவள்.

ஐந்தாம் நாள் மத்தியானம், கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“எண்ணெய் குறையவே இல்லையே.”



அவள் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு பேசினில் தண்ணீர், ஒரு துண்டு பீர்க்கங்காய் நார்.

“காலை நீட்டுங்க.”

அவர் துள்ளி எழுந்தார். “அபச்சாரம்! நீங்க குரு. என் காலை நீங்க தொடக் கூடாது.”

“அப்ப நீங்க தொடுங்க.”

“நான் விட்டுட்டேன்மா. உடம்பை விட்டுட்டேன்.”

“யாராவது ஒருத்தர் தொட்டாகணும்ல?”

அவள் அவருடைய வலது காலைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் கூச்சத்தில் கண்ணை இறுக்கி மூடினார். இத்தனை வயதில் இப்படி ஒரு அவமானமா?

தண்ணீர் ஊற்றுகிற சத்தம். நார் தேய்க்கிற சத்தம்.

திடீரென்று தேய்ப்பது நின்றது.

“வலிக்குதா?”

“இல்லம்மா.” பெருமையாகத்தான் சொன்னார்.

“இப்ப?”

“இல்ல.”

அவள் குரல் மாறியிருந்தது. “கண்ணைத் தொறக்காதீங்க. நான் எந்த விரலைத் தொடுறேன், சொல்லுங்க.”

அவர் காத்திருந்தார். தகரக் கூரைமேல் ஒரு காக்கை நடந்தது.

“தொடுங்கம்மா, சொல்லுதேன்.”

அவள் பதில் சொல்லவில்லை.

“இன்னும் தொடலியே நீங்க.”

“கண்ணைத் தொறங்க.”

திறந்தார்.

அவருடைய சுண்டு விரலை அவள் இரண்டு விரலால் நசுக்கிப் பிடித்திருந்தாள். அவள் நகம் வெளுத்துப்போகிற அளவுக்கு அழுத்தம். பேசின் தண்ணீர் சிவப்பாக இருந்தது. சாக்கின்மேல் ஒரு கண்ணாடித் துண்டு கிடந்தது. பழுப்பு நிறம். உடைந்த பாட்டில் துண்டு. ஒரு விரல்கணு நீளம் இருக்கும்.

“இது எங்க கெடந்துது?” என்றார்.

“உங்க கால்ல.”

சுண்டு விரலின் அடியில் ஒரு குழி. குழியைச் சுற்றிக் கறுத்திருந்தது. அப்போதுதான் அவருக்கு அந்த நாற்றம் வந்தது. ஐந்து நாளாக வந்துகொண்டிருந்த நாற்றம்தான். பக்கத்துக் கொட்டகையில் பூண்டு அழுகுகிறது என்று நினைத்திருந்தார்.

“எப்ப குத்துச்சு?”

அவர் யோசித்தார். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டா? மலைப் பாதையா? அதற்கும் முன்னாலா? ஒரு விரல்கணு நீளக் கண்ணாடி தன் உடம்புக்குள் நுழைந்திருக்கிறது. நாள் தெரியவில்லை. மாதம்கூடத் தெரியவில்லை.

“வலி போயிருச்சுன்னு சொன்னீங்களே,” என்றாள் அவள் மெதுவாக. “போறப்ப உங்ககிட்ட சொல்லிக்கிட்டா போச்சு?”

அவர் குனிந்து தன் விரலைத் தானே நசுக்கினார். ஒன்றுமில்லை. கிள்ளினார். ஒன்றுமில்லை. இடது காலைக் கிள்ளினார். உள்ளங்காலை நகத்தால் கீறினார். கணுக்காலுக்கு மேலே வந்த பிறகுதான் கை பட்டது தெரிந்தது. அதற்குக் கீழே யாரோ ஒருவருடைய கால்கள் இருந்தன.

பதினான்கு மாதத்தில் முதல்முறையாக அவர் அலறினார்.

“அம்மா! என் கால் எங்கம்மா?”

செண்பகவல்லி அங்கே இல்லை. ஈரக் கையோடு ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். பூண்டு ஏற்றிக்கொண்டு கீழே இறங்கிய ஜீப்பின் குறுக்கே போய் நின்றாள்.

மலையடிவார ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தாள்.

“எத்தனை வருஷமா சுகர்?”

“எனக்கு சுகர் கிடையாது.”

அவள் சீட்டைத் திருப்பிக் காட்டினாள். நானூற்று எண்பத்தாறு.

“தாகம் எடுக்குமா?”

“நெறைய எடுக்கும். தவம் பண்ணுத சூடுன்னு...”

“ராத்திரி எந்திரிப்பீங்களா?”

“ஏழெட்டுத் தடவை. அப்படியே தியானத்துல உட்காந்துருவேன்.”

“இளைச்சீங்களா?”

“பதினோரு கிலோ,” என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

டாக்டர் ஒவ்வொன்றாக எழுதினாள். பதினான்கு மாதமாக அவர் சேர்த்து வைத்திருந்த சித்திகள் எல்லாம் ஒரு சீட்டின் பாதியில் முடிந்துபோயின.

“காலும் அதனாலதான் மரத்துப்போச்சு. இன்னும் பத்து நாள் விட்டிருந்தா முழங்காலோட எடுத்திருப்போம். இப்ப விரல் போதும்.”

விரலை எடுத்தார்கள்.

மறுநாள் ஊரிலிருந்து அவர் மனைவி சொர்ணத்தாய் வந்தாள். காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். அழவில்லை.

“போன மார்கழியில காலுக்குத் தேய்ங்கன்னு எண்ணெக் கிண்ணத்தைக் கொண்டாந்து வச்சேன். ஞாவகம் இருக்கா?”

இருந்தது. காலாலேயே தள்ளிவிட்டிருந்தார்.

“நான் சொன்னா சம்சாரத் தொல்லை. அந்தம்மா சொன்னா தீட்சை. என்ன?”

 

இருபது நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரை, ஊசி, சாப்பாட்டுக்கு ஒரு பட்டியல். காலுக்குத் தனியாக நாலு வரி. தினமும் பார்க்கணும். வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காலை விடணும். விரல் இடுக்கில் ஈரமும் எண்ணெயும் தங்கக் கூடாது. செருப்பில்லாமல் ஒரு அடி நடக்கக் கூடாது.

சாயங்காலம் சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து, கைக்கண்ணாடியைக் கீழே பிடித்துத் தன் உள்ளங்காலைப் பார்த்தார். அறுபத்தொரு வருஷத்தில் அதை அவர் பார்த்ததே இல்லை. இடது காலில் ஒரு மச்சம் இருந்தது. எத்தனை காலமாக இருக்கிறது? சொர்ணத்தாயைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“கல்யாணத்தன்னைக்கே இருந்துது,” என்றாள் அவள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒருநாள் எண்ணெயைத் தொட்டவர், எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவளின் குதிகாலைப் பார்த்தார். கையைத் துடைக்காமலே சொன்னார்.

“நீட்டு.”

“எதை?”

“காலைத்தான்.”

சொர்ணத்தாய் சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். “ஒங்களுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு,” என்றாள். அப்புறம் வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு காலை மட்டும் மெதுவாக நீட்டினாள்.

மாசியில் அவர் மறுபடி மேல்மலைக்கு ஏறினார். காலில் உறை, அதற்கு மேல் கான்வாஸ் ஷூ. வெயில் நன்றாக அடித்தது. வாசலில் ஏழெட்டுப் பேர் செண்பகவல்லியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் நேராகப் போய் விழுந்து கும்பிட்டார். எழுந்து, கூட்டத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். பஸ்ஸில் சொல்லி, ஆஸ்பத்திரி வார்டில் சொல்லி, தெருவில் சொல்லி, கதை நன்றாக உருண்டு திரண்டிருந்தது.

“முதல் நாள் நான் இந்தா, இங்கதான் நிக்கேன். அம்மா அங்க உட்காந்திருக்காங்க. நான் வாயே தொறக்கல. என் காலை ஒரு பார்வை. அவ்வளவுதான். உள்ள கண்ணாடி இருக்கு, ரத்தத்துல சர்க்கரை இருக்கு, பத்து நாள்ல கால் போயிரும், அத்தனையும் தெரிஞ்சிபோச்சு. வெளிய சொல்லல. எண்ணெ தடவுன்னு மட்டும் சொன்னாங்க. அது ஞான திருஷ்டி!”

கூட்டத்தில் மூச்சு நின்றது. ஒரு கிழவர் கையைத் தலைக்கு மேல் தூக்கினார். ஒரு பெண் செண்பகவல்லியின் காலைத் தேடிக் குனிந்தாள்.

செண்பகவல்லி காலை இழுத்துக்கொண்டாள். அவள் முகம் வெளிறியிருந்தது.

“ஐயா, எனக்கு எதுவும் தெரியாது.”

அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். “அப்படித்தான் சொல்லுவாங்க.”

“நிஜமா தெரியாது. கண்ணாடி கையில வந்தப்ப எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போச்சு. மூணு நாள் தூக்கமில்ல.”

அவர் சிரிப்பு நின்றது. அவளையே பார்த்தார். அவள் கண்ணில் விளையாட்டு இல்லை.

“அப்ப எதுக்கும்மா எண்ணெ தடவச் சொன்னீங்க?”

“மார்கழி மாசம். உங்க கால் வெடிச்சிருந்துச்சு.”