போர்வைக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர்

வரதப்பனுக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய குரு ஜெனோவாவுக்கு நாற்பது. ஆம்ப்ளிஃபயர் கட்டக் கற்றுக்கொள்கிறவன் குருவின் வயதைப் பார்த்தால் வேலைக்காகாது.

ஒரு நாள் சீடர் கேட்டார்.

"டீச்சர், ஓட்டக் கஷ்டமான ஸ்பீக்கர்தான் உண்மையிலேயே நல்லா பாடுமா?"

"ஏன் சார் கேக்கறீங்க?"

வரதப்பன் ஆசைப்பட்டு வாங்கிய ஸ்பீக்கர் பெரிய சோம்பேறி. சின்ன ஆம்ப்ளிஃபயருக்கு முனகக்கூட மறுத்தது. மூன்றாவதாக அவர் கட்டிய ஆம்ப்ளிஃபயர் தோசைக்கல்லாய்ச் சுடும்; அதற்குத்தான் வாயைத் திறந்தது. ஆனால் சாயங்காலமானால் கூட உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் மனைவி கோதை, இரண்டு மாதமாக ஹாலுக்கே வருவதில்லை.

"சத்தம் இன்னும் சரியா வரலை போல. நாலாவதா ஒண்ணு கட்டினா வந்துருவா."

மறுநாள் ஜெனோவா சுலபமாக ஓடும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். ஹாலில் போர்வையைத் திரையாகக் கட்டி, இரண்டையும் பின்னால் வைத்தார். மீட்டர் பிடித்து இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவாக்கினார். சத்தம் கூடினாலே அதுதான் நல்லது என்று காது ஏமாந்துவிடும். கோதையையும் கைப்பிடித்து உட்கார வைத்தார்.

முதல் ஸ்பீக்கரில் நாதஸ்வரம் எழுந்தது.

"இது மோகனம்தானேங்க?" என்றார் கோதை.

"பிலஹரி. முப்பது வருஷமா இதே தப்பு!"

இருவரும் சிரித்தார்கள்.

இரண்டாவது பாடியதும் வரதப்பன் நிமிர்ந்தார். "இதுதான் என்னோடது!"

"ஏங்க, நம்ம கல்யாணத்துல வாசிச்சவரு..."

"உஷ்!"

கோதை எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். நானாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன், அவருக்குப் பழகிவிட்டது.

ஜெனோவா போர்வையை விலக்கினார். இரண்டாவது வரதப்பனுடையதேதான்.

"பாத்தீங்களா! அப்போ கஷ்டமானதுதான் ஒசத்தி?"

"உங்களோடது ஒசத்திதான் சார். செஞ்சவங்க நல்லா செஞ்சிருக்காங்க. கஷ்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. உயிரை வாங்கிட்டு மோசமாப் பாடறதையும் பாத்திருக்கேன்."

வரதப்பன் சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"அப்புறம் ஏன் எழுந்து போறா? நாலாவது கட்டட்டுமா?"

"வேண்டாம். பாட்டு ஓடட்டும். அம்மாவக் கூப்பிட்டு, அந்தக் கல்யாணக் கதைய முழுசாச் சொல்லச் சொல்லுங்க. அப்பவும் நல்லா இருந்தா, அது நல்ல ஸ்பீக்கர்."